மாமன் மணையில் கன்னியம்மாள்

புதிதாக வேலைக்கு வந்திருக்கும் உங்களைப் பார்த்தால் எனக்குப் பொறாமையாக இருக்கிறது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு யாரும் கண்டுபிடித்துச் சொல்ல வேண்டாம். ஆளுக்கொரு ஸ்கூட்டி வைத்திருக்கிறீர்கள். ஊருக்குப் போவதற்கு முன்பே குழுத் தலைவியோடு வாட்ஸப்பில் பேசி, சாப்பாட்டுக்கு என்ன குழம்பு என்பது வரை கேட்டுவிடுகிறீர்கள். நான் செங்கம் ரோட்டில் பஸ்ஸுக்கு நின்றே பாதி சர்வீஸை முடித்தவள். மகளிர் குழுக்களின் ஒருங்கிணைப்பாளராக இருந்து, ஓய்வு பெற்று, இப்போது வேங்கிக்காலில் வீட்டுக்குள் உட்கார்ந்திருக்கிறேன். என் வீட்டைத் தாண்டித்தான் நீங்கள் ஆபீஸுக்குப் போகிறீர்கள். நான் ஜன்னலில் நின்று பார்ப்பது உங்களுக்குத் தெரியாது.

“எங்களுக்கு உங்க அனுபவத்தை எழுதிக் குடுங்க மேடம்” என்று உங்களில் ஒரு பெண் கேட்டாள். சந்தா, கடன், தீர்மானம் எல்லாம் பயிற்சியில் சொல்லித் தருவார்கள். அதற்கு நான் தேவையில்லை. பயிற்சியில் யாரும் வாயைத் திறக்காத ஒரு விஷயம் இருக்கிறது. பத்துப் பதினைந்து பெண்கள் ஒன்றாகச் சேர்ந்து ஒரு காரியத்தை நன்றாகச் செய்தால், அதைப் பார்க்கிறவர்களுக்கு வயிறு எரியும். ஆண்களுக்கு எரியும், மாமியார்களுக்கு எரியும், பக்கத்துத் தெருக் குழுவுக்கு எரியும். ஒருங்கிணைப்பாளருக்கும் எரியும். கடைசியாகச் சொன்னதை நீங்கள் நம்ப மாட்டீர்கள். இன்னும் ஒரு வருஷம் வேலை பாருங்கள், நம்புவீர்கள்.

செங்கம் போகிற வழியில், மெயின் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி ஒரு ஊர். பெயர் வேண்டாம். அந்த ஊர்க் குழுவின் தலைவி கன்னியம்மாள். உயரமான பெண்மணி, அதற்கேற்ற குரல். இரண்டு கறவை மாடு, கொஞ்சம் நிலம், வெளியூரில் வேலை பார்க்கும் ஒரு மகன். கணவர் இருந்தார், ஆனால் அவர் பேசி நான் கேட்டதில்லை. நான் கூட்டம் என்று முறைப்படி சொல்லி அனுப்பினால் நாலு பேர் வருவார்கள், அதில் ஒருத்தி தூங்குவாள். கன்னியம்மாள் தெருவில் நின்று “ஏண்டி, வரீங்களா இல்லையா?” என்று ஒரு சத்தம் கொடுத்தால், கையில் பிசைந்த மாவோடு வந்து நிற்பார்கள்.

அந்த ஊரில் யாருக்குப் பிரசவ வலி வந்தாலும் முதலில் கன்னியம்மாளுக்குத்தான் தகவல் போகும், ஆம்புலன்ஸுக்கு அப்புறம்தான். குழாயில் தண்ணீர் வரவில்லையா, குழு மொத்தமும் காலிக் குடத்தோடு பஞ்சாயத்து ஆபீசில் இருக்கும். எவனாவது குடித்துவிட்டு வீட்டில் கை நீட்டினால், மறுநாள் காலை அவன் வீட்டு வாசலில் போய் வரிசையாக உட்கார்ந்துவிடுவார்கள். ஒரு வார்த்தை பேச மாட்டார்கள். உட்கார்ந்து கீரை ஆய்வார்கள். அவன் வெளியே வரவும் முடியாது, வராமல் இருக்கவும் முடியாது. நான் படித்த எந்தப் பாடத்திலும் இது இல்லை.

ஒருமுறை கன்னியம்மாளுக்கு டெங்கு. ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, மாடு கறக்க ஒருத்தி, சாணி அள்ள ஒருத்தி, இரவு துணைக்கு ஒருத்தி என்று குழுவே முறை வைத்துக்கொண்டது. அதே மழைக்காலத்தில் எனக்கும் காய்ச்சல் வந்தது. ஆபீஸ் குரூப்பில் கைகூப்பிய பொம்மைப் படம் ஒன்று வந்தது. இதைச் சாதாரணமாகத்தான் எழுதுகிறேன், ஆனால் அன்றைக்குப் போர்வைக்குள் அழுதேன்.

இப்போது செல்வி கதைக்கு வருகிறேன். செல்வி அந்தக் குழுவில் ஒரு உறுப்பினர். புருஷன் குமார் கொத்தனார். பெண் குழந்தை, தாரணி, நடை பழகி ஓடிக்கொண்டிருந்தது. காது குத்த வேண்டும். நம் பக்கத்தில் காது குத்து என்றால் தாய்மாமன்தான் எல்லாம். சீர்த்தட்டு அவன் கொண்டுவர வேண்டும், தோடு அவன் போட வேண்டும், மணையில் அவன் உட்கார்ந்து அவன் மடியில் குழந்தையை வைத்துத்தான் ஆசாரி காதில் ஊசியை வைப்பார். செல்விக்கு அண்ணன் ஒருவர்தான், ஏழுமலை, பக்கத்து ஊர். அவர் புது வீடு கட்டிப் பால் காய்ச்சியபோது பத்திரிகையில் குமார் பெயரைப் போடவில்லை. அச்சாபீசில் விட்டுப்போயிற்று என்று அவர் சொன்னார். வேண்டுமென்றே விட்டார் என்று குமார் சொன்னான். குமாரும் செல்வியும் பால் காய்ச்சப் போகவில்லை. அதனால் செல்வி காது குத்துக்குச் சொல்லி அனுப்பியபோது ஏழுமலை, “நான் வரமாட்டேன், போய்ச் சொல்லு” என்று திருப்பி அனுப்பிவிட்டார்.

செல்வி குழுக் கூட்டத்தில் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். அன்று நானும் இருந்தேன்.

“இன்னாத்துக்கு அழுவுற? மாமன் மடி இல்லன்னா குழு மடி இருக்குது. நான் உக்கார்றேன் மணையில. சீரு நாம கொண்டு போவோம், தோடும் நம்மளே போடலாம்” என்றார் கன்னியம்மாள்.

“பொம்பள எப்படிக்கா மாமன் மணையில?” என்று யாரோ இழுத்தார்கள்.

“மடின்னு ஒண்ணு பொம்பளைக்குத்தாண்டி இருக்குது. ஆம்பள உக்காந்தா முட்டிதான் தெரியும்.”

எல்லோரும் சிரித்தார்கள். செல்வியும் அழுகைக்கு நடுவே சிரித்துவிட்டாள். நானும் சிரித்தேன், ஆனால் எனக்குள்ளே என்னவோ பண்ணியது. என் மகளுக்குக் காது குத்தியது டவுனில் ஒரு கிளினிக்கில். எனக்கு இரண்டு அண்ணன்கள், இரண்டு பேரும் அந்த வாரம் ‘லீவு இல்லை’. நர்ஸ் இரண்டு நொடியில் குத்தி முடித்தார், என் வீட்டுக்காரர் வெளியே வண்டியை அணைக்காமல் நின்றார். திரும்பும் வழியில் லட்டு வாங்கினோம், அதைக் கொடுக்கத் தெருவில் ஆள் தெரியவில்லை. அப்போது எனக்கு மடி தருகிறேன் என்று ஒருத்தியும் சொன்னதில்லை. செல்வி மேல் எனக்குப் பொறாமை. கன்னியம்மாள் மேல் அதைவிட ஜாஸ்தி.

இங்கே அவர்கள் ஒரு தப்பு செய்தார்கள். நம் ஊர்களில் மாமன் “வரமாட்டேன்” என்று சொன்னால் அதற்கு “நேரில் வந்து கூப்பிடு” என்று அர்த்தம். தாம்பூலம் எடுத்துக்கொண்டு புருஷன் பெண்டாட்டியாகப் போய் வாசலில் நின்றால், இரண்டு நாள் முறுக்கிக்கொண்டு அப்புறம் வருவார்கள். இது அந்தக் குழுவில் ஒவ்வொருத்திக்கும் தெரியும். ஆனால் தங்களாலேயே ஒரு மாமன் வேலையைச் செய்ய முடியும் என்று தெரிந்ததும் அந்தச் சந்தோஷத்தில் எல்லோருக்கும் மறந்துவிட்டது. டவுனில் தேரடித் தெருவுக்குப் போய்த் தோடு எடுத்தார்கள். ஒரே மாதிரி புடவை எடுத்தார்கள். “இன்னொரு வாட்டி நேர்ல போய்க் கூப்பிடலாமே அக்கா” என்று நான் சொன்னேன். “அதெல்லாம் அவரு வரமாட்டாரு மேடம்” என்று கன்னியம்மாள் முடித்துவிட்டார். அந்தக் குரலில் ஒரு ஆசை இருந்தது. அவர் வராமல் இருக்க வேண்டும் என்ற ஆசை.

காது குத்து ஒரு வெள்ளிக்கிழமை. ஊர் அம்மன் கோயில் முன்னால் ஷாமியானா போட்டிருந்தார்கள். மொட்டை முன்பே குலதெய்வக் கோயிலில் போட்டாயிற்று, அன்றைக்குக் காது மட்டும்தான். எனக்கு முன்வரிசையில் பிளாஸ்டிக் நாற்காலி. குழுப் பெண்கள் எல்லோரும் மாம்பழக் கலர்ப் புடவையில், தலை நிறையப் பூவோடு, தட்டுகளை ஏந்திக்கொண்டு மேளத்தோடு தெருவைச் சுற்றி வந்தார்கள். டீக்கடை வாசலில் ஆண்கள் கூட்டம். ஒரு பெண் மாமன் மணையில் உட்காரும் வேடிக்கையைப் பார்க்க வெளியூர்க்காரர்கள் கூட வந்திருந்தார்கள். கன்னியம்மாள் மணையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து தாரணியை மடியில் வைத்துக்கொண்டார். ஆசாரி ஊசியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

அந்த நேரத்தில் ஒரு குட்டி யானை வண்டி ஹார்ன் அடித்துக்கொண்டே வந்து ஷாமியானா கயிற்றை ஒட்டி நின்றது. ஏழுமலை இறங்கினார். கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டை, தோளில் புதுத் துண்டு. மணையில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று பார்த்தார். கால் அப்படியே நின்றுவிட்டது.

“எந்தங்கச்சி புள்ளைக்கு மாமன் செத்துட்டான்னு எவன்யா சொன்னது?”

மேளம் நின்றது. குமார் பந்தல் காலைப் பிடித்தபடி, “பத்திரிகையில பேரு போட மறந்தவருக்கு இன்னிக்கு மட்டும் எப்படி ஞாபகம் வந்துச்சாம்?” என்றான்.

“மறுபடியும் அதையே பேசுறியா நீ? அப்போ நான் வந்தது தப்பு. வண்டியத் திருப்புடா!”

“நேத்து வரைக்கும் எங்க இருந்தாரு மாமன்? நாங்க ஊரக் கூட்டி உக்காந்த அப்பால வந்து எழுந்திருன்னா எழுந்துடணுமா?” என்றார் கன்னியம்மாள், உட்கார்ந்த இடத்திலிருந்தே.

செல்வி சந்தனக் கிண்ணத்தோடு நடுவில் நின்றாள். அவள் முகத்தைப் பார்க்க எனக்குத் தெம்பு இல்லை. அண்ணன் இப்போது வண்டி ஏறினால் அவளுக்குப் பிறந்த வீடு அத்தோடு முடிந்தது. சாவுக்குத்தான் வருவார், அதற்கும் வருவாரோ என்னவோ. ஆசாரி கைக்கடிகாரத்தைத் திருப்பிப் பார்த்து, “ராகு காலம் வந்துடும்மா. யார் மடியில குத்துறதுன்னு சீக்கிரம் சொல்லுங்க” என்றார்.

அப்போதுதான் கூட்டத்திலிருந்து அந்தக் குரல் வந்தது. உங்களுக்கும் ஒருநாள் வரும். “மேடம்தான் இருக்காங்களே. மேடம் சொல்லட்டும்.”

எனக்கு வேலை கற்றுக்கொடுத்த ஒரு அதிகாரி இருந்தார். எந்தத் தகராறானாலும் சம்பந்தப்பட்ட பெண்ணைக் கேள், அவள் சொல்வதுதான் முடிவு என்பார். நல்ல விதி. என் சர்வீஸ் முழுக்க அது என்னைக் காப்பாற்றியது. ஆனால் அன்று அந்த விதிப்படி நான் செல்வியைப் பார்த்து “நீ என்னம்மா சொல்றே?” என்று கேட்டிருந்தால், அவளை எல்லோர் முன்னாலும் நிறுத்தி அண்ணனையோ குழுவையோ அவள் கையாலேயே வெட்டச் சொன்னதாக ஆகியிருக்கும். கேட்காமல் இருப்பதும் சில நேரம் மரியாதைதான். அவளைக் கேட்கவில்லை.

அடுத்து நான் செய்யக்கூடியது, கன்னியம்மாளை எழுந்திருக்கச் சொல்வது. முறைப்படி அதுதான் சரி. மாமன் உயிரோடு வந்து நிற்கும்போது மணை மாமனுக்குத்தான். சொல்ல வாயைத் திறந்தேன், திறந்தவுடனே மூடிக்கொண்டேன். ஏனென்றால் அதைச் சொல்ல எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. “அக்கா, எழுந்திருங்க” என்று நான் சொல்லி, அந்த அம்மாள் டீக்கடைக் கூட்டத்துக்கு முன்னால் மணையை விட்டு இறங்குவதைப் பார்க்க என் மனசு துடித்தது. சரியான முடிவும் என் பொறாமையும் ஒரே பக்கம் நின்றன. அப்படி நிற்கும்போது அந்த முடிவை உங்கள் வாயால் சொல்லாதீர்கள். வார்த்தை சரியாக இருக்கும், குரல் காட்டிக் கொடுத்துவிடும். கன்னியம்மாள் அன்று அவமானப்பட்டிருந்தால், அடுத்த முறை எவன் வாசலிலாவது உட்கார்ந்து கீரை ஆய அந்தக் குழுவுக்குத் தைரியம் வந்திருக்காது. டீக்கடையில் காத்திருந்தவர்கள் அதற்காகத்தான் காத்திருந்தார்கள்.

என்ன செய்வது என்று தெரியாமல் பார்வையை வண்டிப் பக்கம் திருப்பினேன். வண்டியின் பின்கதவைப் பிடித்துக்கொண்டு ஏழுமலையின் மனைவி நின்றிருந்தாள். அமுதா என்று பெயர், பிறகுதான் தெரிந்தது. அவள் சண்டையைப் பார்க்கவே இல்லை. மாம்பழக் கலர் வரிசையைப் பார்த்துக்கொண்டிருந்தாள், ஒவ்வொருத்தியாக, தலையிலிருந்து கால் வரைக்கும். அந்தப் பார்வை எனக்குத் தெரியும். அந்தக் குழுவைப் பார்க்கும்போதெல்லாம் என் முகத்தில் இருப்பதும் அதுதான்.

அப்புறம்தான் வண்டிக்குள் பார்த்தேன். கலர்க் காகிதம் சுற்றிய சீர்த்தட்டுகள் அடுக்கி இருந்தன. பழம், பலகாரம், பட்டுப்பாவாடை எல்லாம் இருந்தது. தூக்க ஆள் இல்லை. வரமாட்டேன் என்று ஊரெல்லாம் சொல்லிவிட்டுக் கடைசி நேரத்தில் கிளம்பியதால், சொந்தக்காரர் ஒருவரையும் கூப்பிட அவர்களுக்கு வாய் வரவில்லை. அவர், அவள், வாழைத்தாரைக் கட்டிப்பிடித்து உட்கார்ந்திருந்த அவர்கள் பெண், டிரைவர். அவ்வளவுதான். தாய்மாமன் சீர் வரிசையாக, மேளத்தோடு, ஊர் பார்க்க நடந்து வர வேண்டும். வண்டியிலிருந்து அரிசி மூட்டை இறக்குகிற மாதிரி இறக்க முடியுமா? அந்த மனிதர் கத்தியதில் பாதி கோபம், மீதி வெட்கம்.

நான் எழுந்து கன்னியம்மாளிடம் போய்க் குனிந்து, காதில் சொன்னேன். “அக்கா, அவங்களுக்குத் தட்டு தூக்க ஆள் இல்ல.”

அவ்வளவுதான் சொன்னேன். கன்னியம்மாள் என்னை ஏற இறங்கப் பார்த்தார். அவருக்கும் என்னைப் பற்றித் தெரியாமல் இல்லை. பிறகு வண்டியை எட்டிப் பார்த்தார். குழந்தையை இடுப்பில் ஏற்றிக்கொண்டு ஒரே மூச்சில் எழுந்தார்.

“ஏண்டி, மரம் மாதிரி நிக்கறீங்க? மாமன் வந்திருக்காரு, சீரு வண்டியில கெடக்குது! வாங்கடி! மேளம், நீ முன்னால போ. யோவ் டிரைவர், வண்டிய இங்க நிறுத்தாத, பின்னால எடு. அந்தத் தெருமுனை வரைக்கும் எடு. இவ்ளோ கிட்டத்துல இருந்து எடுத்தா அது சீரா?”

வண்டி பின்னால் போனது. அதன் பின்னாலேயே குழு மொத்தமும் ஓடியது. தங்கள் தட்டுகளைக் கோயில் நடையில் வைத்துவிட்டு, ஏழுமலையின் தட்டுகளைத் தலைக்கு ஒன்றாக ஏற்றிக்கொண்டார்கள். ஏழுமலை வண்டியோடு போய்த் தெருமுனையில் நின்று, என்ன செய்வதென்று தெரியாமல் துண்டை முறுக்கிக்கொண்டிருந்தார். கன்னியம்மாள் நேராக அவரிடம் போய்க் குழந்தையை நீட்டினார்.

“இந்தாங்க, புடிங்க உங்க மருமகள. கனமா இருக்கா. இவ்ளோ நேரம் உங்களுக்கோசரந்தான் மடியில வெச்சிகினு இருந்தேன்.”

இந்த வாக்கியத்தை நான் எத்தனையோ முறை யோசித்துப் பார்த்துவிட்டேன். மணையை விட்டுக் கொடுத்ததாகவும் இல்லை, மாமனிடம் தோற்றதாகவும் இல்லை. அந்த மனிதருக்கு இடம் பிடித்து வைத்திருந்த மாதிரி ஆகிவிட்டது. ஆள் இல்லை என்று கண்டுபிடித்தது நான். அந்த வாக்கியம் எனக்கு வரவில்லை, தலைகீழாக நின்றாலும் வந்திருக்காது. எரிச்சலாகத்தான் இருக்கிறது.

ஏழுமலை குழந்தையை வாங்கிக்கொண்டார். அது அவர் மூக்கைப் பிடித்து இழுத்தது. மேளம் முழங்க, முன்னால் மாமன், பின்னால் அமுதா, அதன் பின்னால் மாம்பழக் கலர் வரிசை. தெருவே அடைத்துக்கொண்டு வந்தது சீர். பந்தல் வாசலில் குமார் நின்றான். எல்லோரும் அவன் வாயையே பார்த்தோம். அவன் தொண்டையைச் செருமி, “வாங்க மச்சான்” என்றான். செல்வி சந்தனக் கிண்ணத்தை அண்ணன் முன்னால் நீட்டினாள். மாமன் மடியில், மாமன் கொண்டுவந்த தோட்டோடு, ராகு காலத்துக்கு முன்பே காது குத்தியாயிற்று.

பந்தலில் கன்னியம்மாள் புராணம்தான். “என்னா மூளை பாத்தியா!” என்று டீக்கடைக்காரர்களே பேசினார்கள். வேடிக்கை பார்க்க வந்த வெளியூர்ப் பெண்கள் அவர் போன் நம்பரைக் கேட்டு வாங்கினார்கள். என்னிடம் ஒருத்தி வந்து, “மேடம், சாப்டீங்களா?” என்றாள். காதில் சொன்னது நான்தான் என்று மேளக்காரரிடமாவது சொல்லிவிடலாமா என்று நினைத்தேன். சொல்லவில்லை. நான் பெரிய மனசுக்காரி என்று எண்ணாதீர்கள். மேளக்காரர் பந்திக்குப் போய்விட்டார்.

பந்தியில் எனக்குப் பக்கத்து இலையில் அமுதா வந்து உட்கார்ந்தாள். மறுபக்கம் அவள் பெண், யாழினி, பள்ளிக்கூடம் போகிற வயது. அமுதா சாப்பிடவே இல்லை. பரிமாறிக்கொண்டிருந்த குழுப் பெண்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“இவங்கள்லாம் செல்விக்கு சொந்தமாங்க?” என்று கேட்டாள்.

“இல்லம்மா. குழு. அவ்ளோதான்.”

“குழுவா?” கொஞ்ச நேரம் சாதத்தைப் பிசைந்தாள். “அவரு வரலன்னுதாங்க சொன்னாரு. நான்தான் இழுத்துகினு வந்தேன். எவளோ ஒரு பொம்பள மாமன் மணையில உக்காரப் போறாளாம், பொம்பளைங்களே சீரு கொண்டு போறாங்களாம்னு சந்தையில பேசிகினாங்க. கேட்டதுல இருந்து எனக்குத் தூக்கம் போச்சு. உன் தங்கச்சிக்கு நீ உசுரோட இருக்கறப்பவே இத்தினி பேரு வராங்களே, எனக்கு யாரு வந்தான்னு அவரப் புடிச்சி உலுக்கிட்டேன். பொறாமைதாங்க. வேற இன்னா?”

இவ்வளவு வெளிப்படையாக ஒருத்தி சொல்லி நான் கேட்டதே இல்லை. எனக்கு அவளைக் கட்டிக்கொள்ள வேண்டும் போல இருந்தது.

“எனக்குக் கூடப் பொறந்தவன் இல்லிங்க” என்று அவள் மெதுவாகத் தொடர்ந்தாள். “ஒண்ணு விட்டவங்க இருக்காங்க, கூப்பிட்டா ஆயிரம் கேள்வி. இவ காத ஆஸ்பத்திரியில குத்திடலாம்னாரு அவரு, நான்தான் மனசு வராம தள்ளித் தள்ளிப் போட்டேன்.” சொல்லிக்கொண்டே பெண்ணின் முடியைக் காதுக்குப் பின்னால் ஒதுக்கினாள். காது மூளியாக இருந்தது. “பள்ளிக்கூடத்துல கேக்கறாங்களாம். முடிய முன்னால இழுத்து வுட்டுகினு போறா.”

அந்தக் கணத்தில் எனக்கு வந்த ஆசையைச் சொல்லிவிடுகிறேன். ஆசாரி கோயில் திட்டில் வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார். ராகு காலம் கழிந்திருந்தது. குழு வாங்கிய தோடு யாருக்கும் பயன்படாமல் தட்டிலேயே இருந்தது. என் மடியும் காலியாகத்தான் இருந்தது. “நான் உக்கார்றேன், வா” என்று சொல்ல நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. அன்றைய நாள் முழுக்க அந்தக் கன்னியம்மாளுக்குப் போய்விட்டது, இது ஒன்றாவது எனக்கு என்று இருக்கட்டுமே?

அமுதாவைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்த்துப் பேசினாளே தவிர, அவள் கண் சாம்பார் வாளியோடு வந்துகொண்டிருந்த கன்னியம்மாள் மேல்தான் இருந்தது. நான் மடி கொடுத்தால் அது ஆபீசர் செய்த தயவு. ஊருக்குப் போய் ஒருநாள் சொல்லிக்கொள்வாள், அப்புறம் நான் வேறு ஊருக்குப் போய்விடுவேன். அவளுக்கு வேண்டியது தயவு இல்லை. எழுந்து கை கழுவிவிட்டுப் போய், கன்னியம்மாளைத் தனியாக அழைத்து விஷயத்தைச் சொன்னேன். ஒவ்வொரு வார்த்தையும் எனக்குக் கசந்தது.

கன்னியம்மாள் சாம்பார் வாளியை என் கையில் கொடுத்துவிட்டு நேராகப் பந்திக்குப் போனார்.

“ஏம்மா, இத முன்னாடியே சொல்லக் கூடாதா? தோடு இருக்குது, ஆசாரி இருக்காரு, நாங்க இத்தினி பேரு இருக்கோம். எழுந்திரு. புள்ள சாப்ட்டாளா? வாடி கண்ணு.”

அமுதா எழுந்தாள். அப்படியே கன்னியம்மாள் தோளில் சாய்ந்து சத்தமாக அழுதாள். ஏழுமலை ஓடிவந்து, விஷயம் தெரிந்து, துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். குழுப் பெண்கள் கரண்டியும் கையுமாக வந்து சுற்றி நின்றார்கள். கோயில் நடையில் இருந்த தட்டுகள் மறுபடியும் தலைக்கு ஏறின, மறுபடியும் தெருவைச் சுற்றி வந்தன. மேளக்காரரைப் பாதிச் சாப்பாட்டில் எழுப்பிவிட்டார்கள்.

கன்னியம்மாள் மணையில் உட்கார்ந்தார். யாழினி பெரிய பெண், விவரம் தெரிந்தவள். ஆசாரி கையில் ஊசியைப் பார்த்ததும் கத்திக்கொண்டு உதைக்க ஆரம்பித்தாள். ஒரு உதை ஆசாரியின் கண்ணாடியைத் தட்டிவிட்டது.

“மேடம்!” என்று கன்னியம்மாள் கூப்பிட்டார். “வேடிக்க பாத்துகினு நிக்கறீங்களே. வந்து காலப் புடிங்க, உதைக்கிறா பாருங்க!”

சாம்பார் வாளியைக் கீழே வைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தேன். இரண்டு சின்னக் கால்களையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டேன். நெஞ்சில் ஒரு உதை விழுந்தது. பிடியை விடவில்லை. மேலே தோடு ஏறிக்கொண்டிருந்தது, எல்லோரும் அந்தக் காதையும் அந்த மடியையும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் பிடித்ததை யாரும் பார்க்கவில்லை. போட்டோவில் என் தலை மட்டும், பாதி, ஓரத்தில் விழுந்திருக்கிறது.

அடுத்த மாதம் அமுதா தன் ஊரில் ஒரு குழு தொடங்கினாள். தொடக்க விழாவுக்குத் தலைமை தாங்க யாரைக் கூப்பிட்டாள் என்று நீங்களே ஊகித்துக்கொள்ளுங்கள். எனக்கு வயிறு எரிந்தது. இதை எழுதும்போதும் எரிகிறது.

இந்த வேலையில் உங்களுக்கும் மடி கிடைக்காது, தங்கைகளே. கால்தான் கிடைக்கும். உதைக்கும். இறுக்கிப் பிடித்துக்கொள்ளுங்கள்.